எடை குறைந்த ரேடியோ

எங்கள் தொழிலில் யாரும் யாரையும் நம்பி எதையும் கொடுப்பதில்லை. முதலாளி பட்டு நூலையும் ஜரிகையையும் எடை போட்டுத் தருவார். நெய்த சேலையையும் மிச்ச நூலையும் கொண்டுபோனால் மறுபடியும் எடை போட்டு வாங்கிக்கொள்வார். அதில் கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை, வழக்கம். ஆரணியில் தறி போட்டவன் வீட்டில் தராசு இல்லாமல் இருக்காது. என் வீட்டிலும் இருக்கிறது. போன வருடம் அந்தத் தராசில் ஒரு ரேடியோவைத் தூக்கி வைத்து எடை பார்த்தேன். என் கூட்டாளியின் கடை அதில் மாட்டிக்கொண்டது.

ரேடியோ என் மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. கண்ணாடிக்குப் பின்னால் முள் நகரும். அது போதாதென்று ஓரத்தில் சிவப்பு எண்களும் எரியும். மின்சாரத்திலும் ஓடும், நான்கு தடி பேட்டரி போட்டாலும் ஓடும். நான் பேட்டரி போட்டதே இல்லை. தறிக்குழியில் உட்கார்ந்தால் கைக்கு எட்டும் பலகையில் அது இருக்கும். வேறு யாரும் தொடக்கூடாது என்பது என் உத்தரவு. செல்போனில் கேட்கலாமே என்று எல்லாரும் சொல்கிறார்கள். கையில் நாடா, காலில் மிதி, இதற்கு நடுவில் போனை எவன் தேய்த்துக்கொண்டிருப்பான்?

ஆவணி மாதத்தில் அது தகராறு செய்ய ஆரம்பித்தது. திருகைத் திருப்பினால் முள் நகராது. இன்னும் கொஞ்சம் திருப்பினால் திடுக்கென்று பாதி கண்ணாடி தாண்டிப் போய் நிற்கும். ஒருவழியாகச் சென்னையைப் பிடித்து எழுநூற்று இருபதில் வைத்தால், ஐந்து நிமிடத்தில் எண் தானாகவே எழுநூற்றுப் பதினெட்டு, பதினாறு என்று இறங்கும். செய்தி வாசிப்பவர் குரல் கரகரத்துக் காணாமல் போகும். போதாக்குறைக்குச் சிவப்பு எண்கள் மங்கிக்கொண்டே வந்தன. பகல் வெளிச்சத்தில் கையைக் குடையாகப் பிடித்துக்கொண்டு பார்க்க வேண்டியதாயிற்று.

முதலில் பக்கத்து வீட்டு விசைத்தறியைத்தான் சந்தேகப்பட்டேன். அந்த மோட்டார் ஓடினால் என் ரேடியோவில் உர்ரென்று சத்தம் வருவது பழைய கதை. சுவர் ஓரம் நின்று கத்தினேன்.

"எங்க தறி பாவு நூலு இல்லாம நாலு நாளா நின்னுகினு கீதுங்க, நீங்க வேற!" என்று அந்த வீட்டு அம்மாள் பதிலுக்குக் கத்தினாள்.

அடுத்தது என் மனைவி. அவள் நாடாவுக்குள் போடும் நூலை ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். "ரேடியோவ நீ தொட்டியா?" என்று கேட்டேன்.

"நான் ஏங்க தொடப்போறேன்? எனுக்கு வேற வேல இல்லியா?"

பதில் சரிதான். அவள் சொன்ன வேகம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் எனக்கு யாருடைய பதில்தான் பிடித்திருக்கிறது? நாளைக்கு ரேடியோவை ரிப்பேருக்குக் கொண்டுபோகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டுப் படுத்தேன்.

ரிப்பேர் கடைக்காரன் என்னோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவன். பள்ளிக்கூடம் விட்டபின் நான் தறியில் இறங்கினேன், அவன் ரேடியோவில் இறங்கினான். அவன் கடை எங்கள் முதலாளி வீட்டு மாடிப்படிக்குக் கீழே இருந்தது. இரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்றாவது ஆள் தெருவில் நிற்க வேண்டும். முதலாளிதான் அந்த இடத்துக்குச் சொந்தக்காரர். தை பிறந்தால் ஒப்பந்தம் முடிகிறது, செல்போன் உறை விற்கிற ஆள் ஒருவன் அதைக் கேட்டு நடையாய் நடக்கிறான் என்று ஊரெல்லாம் பேச்சு. நான் சேலை கொண்டுபோன ஒருநாள் முதலாளி என்னையே கேட்டார்.

"அந்த ஆளு உன் கூட்டாளியாமே. வீட்டு வாசல்ல வச்சினு கீறேன், ஆள நம்பலாமா? நீ சொல்றத வச்சிதான் முடிவு பண்ணப்போறேன்."

"தாராளமா நம்பலாங்க" என்று சொன்னேன். சொல்லிவிட்டு வீடு வரைக்கும் யோசித்துக்கொண்டே வந்தேன். நாற்பது வருடப் பழக்கம்தான். ஆனால் அவன் கடைக்குள் என்ன செய்கிறான் என்று எனக்கு எப்படித் தெரியும்? முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துதான் அவன் எதையும் பிரிப்பான்.

அன்றைக்கு ரேடியோவைக் கொண்டுபோனபோதும் அப்படித்தான் உட்கார்ந்தான். நான் அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன்.

"வெளிச்சத்த மறைக்காதடா, பேஜார் பண்ணாத" என்றான்.

பின்மூடியைக் கழற்றி, முள்ளை இழுக்கிற நூலைக் காட்டினான். திருகிலிருந்து சின்னச் சின்ன உருளைகளைச் சுற்றிக்கொண்டு போகிற நூல் அது. தளர்ந்து வழுக்கிக்கொண்டிருந்தது. அதனால்தான் முள் நகரவில்லை. எனக்கு அது புரிந்தது, நூல் விஷயம் அல்லவா. புது நூல் கட்டினான். தட்டுத் தட்டாக ஒன்றுக்குள் ஒன்று நுழைகிற ஒரு சாமானைத் தூரிகையால் துடைத்தான். ஸ்டேஷன் பிடிப்பது அதுதானாம். நான் கெஞ்சிக் கூத்தாடிப் பழைய நூலைக் கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். அவன் சிரித்தான்.

"எண்ணு ஏண்டா மங்குது?" என்று கேட்டேன்.

"எங்க மங்குது? பாரு, பளிச்சுனு கீது."

பளிச்சென்றுதான் இருந்தது. எழுநூற்று இருபதில் வைத்தான். அரைமணி நேரம் அங்கேயே உட்கார்ந்து பார்த்தேன், எண் அசையவில்லை. டீ வாங்கிக் கொடுத்து என்னை அனுப்பிவைத்தான்.

வீட்டில் நான்கு நாள் நன்றாகப் பாடியது. ஐந்தாம் நாள் எண் மங்கிற்று. எழுநூற்றுப் பதினெட்டு, பதினாறு. முள் மட்டும் ஒழுங்காக நகர்ந்தது, ஸ்டேஷன் நிற்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் நாடாவை ஓங்கி அடித்ததில் இரண்டு இழை அறுந்தது.

கடையில் ஓடுகிறது, வீட்டில் ஓடவில்லை. இதற்கு என்ன அர்த்தம்? நான் தறியில் உட்கார்ந்து யோசித்தேன். அவனுக்கு இப்போது வேலை கிடையாது. ரேடியோவை எவன் கொண்டுவருகிறான்? வந்த ஒன்றையும் ஒரேயடியாகச் சரிசெய்துவிட்டால் மறுபடி எப்படி வருவான் என்று பாதி சரிசெய்து அனுப்பியிருக்கிறான். நல்ல சாமானைக் கழற்றிக்கொண்டு உப்புச்சப்பில்லாத ஒன்றைப் போட்டிருக்கலாம். முதல் தடவையே எடை போடாமல் விட்டேனே என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

இந்த முறை யாரிடமும் சொல்லவில்லை. மனைவி குழாயடிக்குப் போயிருந்த நேரம் பார்த்து ரேடியோவைத் தூக்கி எலக்ட்ரானிக் தராசில் வைத்தேன். மூன்று கிலோ நானூற்றுப் பத்து கிராம். மின்வயரைச் சேர்க்கவில்லை. தறிக்கட்டையில் பென்சிலால் எழுதிவைத்துக்கொண்டு, துண்டில் சுற்றி எடுத்துப்போனேன்.

கடையில் அவன் மின்சாரத்தில் போட்டுப் பார்த்தான். அங்கேயும் எண் மங்கலாகத்தான் எரிந்தது. "ஆஹா, இப்ப மாட்டிகிச்சு" என்று உற்சாகமாகிவிட்டான். மீட்டர் கம்பியை இரண்டு இடத்தில் வைத்தான்.

"வோல்ட்டேஜ் எறங்குதுடா. ஆறு வரணும், நாலுதான் வருது. உள்ள எதுவோ கரண்ட்ட சும்மா குடிச்சிகினு கீது. அதான் வெளக்கும் மங்குது, ஸ்டேஷனும் நழுவுது. ரெண்டும் ஒரே சீக்கு. உட்டுட்டு போ, நாளைக்கு வா."

"நான் உக்காந்து பாக்கறேனே."

"உன்ன பக்கத்துல வச்சினு நான் வேல செய்ய முடியாது, போடா!"

போனேன். மறுநாள் காலையில் வாங்கப் போனபோது ரேடியோ தயாராக இருந்தது. எண்கள் ரத்தச் சிவப்பாக எரிந்தன. சென்னை, புதுச்சேரி, எல்லாம் வைத்த இடத்தில் நின்றது. ஆனால் ஆள் சரியாக இல்லை. என் முகத்தைப் பார்க்கவில்லை.

"இன்னா ஆச்சு? எது குடிச்சிகினு இருந்தது?"

"தூசுதான். குளவி கூடு கட்டி வச்சிருந்தது. எல்லாத்தையும் வழிச்சி போட்டேன்."

"காட்டு."

"குப்பைய எவன்டா வச்சிகினு இருப்பான்? எடுத்துகினு போ, ஜல்தி. ஆள் வராங்க."

யாரும் வரவில்லை. தெருக்கோடி வரை பார்த்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் தராசைப் போட்டேன். மூன்று கிலோ முந்நூற்று இருபத்தைந்து. துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். அதேதான். எண்பத்தைந்து கிராம் குறைகிறது! தூசு எண்பத்தைந்து கிராம் இருக்குமா? என் தலையில் மிளகாய் அரைக்கப் பார்க்கிறான்.

மனைவியைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் தராசைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"போனா போவுது, உடுங்க. இப்ப நல்லா பாடுதில்ல?"

இவள் போனால் போகிறது என்று சொல்கிற பெண் அல்ல. காய்கறிக்காரன் ஒரு வெண்டைக்காய் குறைத்துப் போட்டாலும் கூப்பிட்டு நிறுத்துவாள். அவனுக்கு ஏன் பரிந்துகொண்டு வருகிறாள்? அதையும் மனதில் குறித்துக்கொண்டேன்.

இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் ரேடியோவைத் துண்டில் சுற்றிக்கொண்டு நேராக முதலாளியிடம் போனேன். அவர் மாடிப்படி ஓரம் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என் கூட்டாளி ஐந்தடி தூரத்தில் கடைக்குள் இருந்தான். அவன் காதில் விழட்டும் என்றே பேசினேன்.

"நம்பலாம்னு சொன்னேங்க. என் வார்த்தைய நானே வாபஸ் வாங்கிக்கிறேன். மூணு கிலோ நானூத்தி பத்து குடுத்தேன், எம்பத்தஞ்சி கிராம் கொறைஞ்சி வந்திருக்குது."

ரேடியோவை எடை போட்டாயா என்று வேறு யாராவது சிரித்திருப்பார்கள். முதலாளி சிரிக்கவில்லை. எடை குறைந்தால் குறைந்ததுதான், அவருக்கு அது நன்றாகப் புரியும். பேப்பரை மடித்தார்.

"இன்னாய்யா, எதையாவது எடுத்தியா?" என்று அவனைக் கேட்டார்.

அவன் வெளியே வந்தான். "தூசு எடுத்தேங்க."

"எம்பத்தஞ்சி கிராமா?"

முதலாளி என் பக்கம் திரும்பி, "இங்கயே தொறந்து பாத்துடலாம், வை" என்றார். நான் ரேடியோவை அவர் முன்னால் முக்காலியில் குப்புற வைத்தேன். பின்பக்கம் திருகுகள் இருந்தன. பேட்டரி போடும் இடத்துக்குத் தனி மூடி. கையால் தள்ளினால் திறந்துவிடும். முதலில் அதையே திறக்கலாம் என்று விரலை வைத்தேன்.

அவன் பாய்ந்து வந்து மூடியின் மேல் கையை அமுக்கிக்கொண்டான்.

"வேணாம். நான்தாங்க எடுத்தேன்."

"இன்னா எடுத்த?"

"எனுக்கு வேண்டிய சாமான். எடுத்துட்டேன். உட்டுடுங்க."

எனக்கு அந்த நிமிடம் சந்தோஷமாக இருந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், சந்தோஷம்தான். பிடித்துவிட்டேன் என்று நெஞ்சு நிமிர்ந்தது. முதலாளி சத்தம் கூடப் போடவில்லை. தை வரைக்கும் வேண்டாம், இந்த மாசத்தோடு இடத்தைக் காலி பண்ணிவிடு என்றார். அவன் சரிங்க என்று சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டான். நான் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் மனைவி தார் சுற்றிக்கொண்டிருந்தாள். "ஒத்துக்கினான் பாரு, எல்லார் முன்னாடியும்!" என்று சொல்லிக்கொண்டே, அவன் அமுக்கிப் பிடித்த மூடியைத் தள்ளித் திறந்தேன். எதைத் திருடினான் என்று பார்க்க வேண்டாமா? உள்ளே பேட்டரி இல்லை, அது எப்போதும் இல்லாததுதான். சுருள் கம்பிகள் இரண்டு பக்கமும் இருந்தன. ஒரு சுருளில் ஏதோ பளபளத்தது. நகத்தால் எடுத்தேன். ஒரு விரற்கடை ஜரிகை. நுனி கருகியிருந்தது.

ஜரிகையைப் பார்த்தால் எனக்குத் தெரியாதா? எங்கள் முதலாளி தருகிற ஜரிகை. என் விரலில் தினமும் ஓடுகிறது. பட்டு இழையின் மேல் சுற்றியிருப்பது உலோகம். இரண்டு சுருளுக்கும் நடுவே ஒரு உருண்டை ஜரிகையை அடைத்தால் கரண்ட் அதன் வழியாகத்தான் ஓடும். சும்மா குடித்துக்கொண்டிருக்கிறது என்று அவன் சொன்னது இதைத்தான்.

ராட்டைச் சத்தம் நின்றிருந்தது.

அவள் எழுந்துபோய்ப் பூஜைப் பரணிலிருந்து ஒரு டீத்தூள் பொட்டலத்தை எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள். பிரித்தேன். ஜரிகை உருண்டை. என் கை தானாகவே அதைத் தராசில் வைத்தது. எண்பத்து நான்கு காட்டி, ஐந்துக்குப் போய் நின்றது.

சேதாரத்துக்கென்று முதலாளி ஒவ்வொரு சேலைக்கும் எடைக் கணக்கில் சேராமல் ஜரிகை கொஞ்சம் கூடுதலாகத் தருவார். மிஞ்சினால் திருப்பித் தர வேண்டும். அதில் கை வைத்தவன் என்று தெரிந்தால் அந்த வீட்டுக்கு ஆரணியில் யாரும் பாவு தரமாட்டார்கள். பக்கத்து ஊர் முள்ளிப்பட்டில்கூடக் கிடைக்காது. நான் மிச்சமெல்லாம் திருப்பிக் கொடுப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஜரிகைக் கண்டில் மிஞ்சியதை எடுத்துக் கட்டிவைப்பது அவள் வேலை. சேலைக்குக் கொஞ்சமாக ஒதுக்கியிருக்கிறாள்.

"நம்ம பொண்ணு சீமந்தத்துக்கு ஒரு சேல. கரைக்காவது ஆவட்டும்னுதான்" என்றாள். "நீங்க அந்த ரேடியோவ யாரையும் தொட உடமாட்டீங்க. அதான் அதுலயே வச்சேன். மொத தடவ நீங்க சொல்லிட்டு போனீங்க, எடுத்துட்டேன். அப்பறம் திருப்பி வச்சேன். ரெண்டாந்தடவ சொல்லாம தூக்கினு போயிட்டீங்க."

"அவன்கிட்ட எப்ப வாங்கின?"

"நீங்க ரேடியோவ குடுத்துட்டு வந்த அன்னிக்கி சாயந்தரமே வந்தாரு, நீங்க கடைத்தெருவுக்கு போயிருந்தீங்க. 'தங்கச்சி, இத வேற எடத்துல வையிம்மா, இது கரண்டுல படக்கூடாது'ன்னு சொல்லிட்டு போயிட்டாரு. வேற ஒண்ணும் கேக்கல."

எனக்கு அவளை அடிக்கத் தோன்றவில்லை, திட்டவும் வாய் வரவில்லை. முதலாளி முன்னால் நானே என் விரலால் அந்த மூடியைத் திறக்கப் போனேன். அந்தக் கருகின இழையை அவர் பார்த்திருந்தால்? அவர் கண்ணுக்கு ஒரு இழை போதும்.

பொட்டலத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அவன் கடைக்குப் போனேன். அவன் ஸ்பீக்கர்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான். பையைத் தொட்டுக் காட்டினேன். புரிந்துகொண்டான்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேடா" என்றேன்.

"உன்கிட்டயா? உன் கோவம் எனுக்கு தெரியாதா? வீட்ல என்ன பண்ணுவியோன்னு பயந்துகினுதான் சொல்லல. அந்த தங்கச்சி கண்ணுல தண்ணி வச்சிகினு நின்னுது. உனுக்காவ ஒண்ணும் நான் செய்யல." பெட்டியை மூடினான். "எடை போட்டியாடா என்ன? கூட ஒக்காந்து தின்னவன, தராசுல வச்சி பாத்தியே!"

"நான் போய் முதலாளிகிட்ட உள்ளத சொல்லிடறேன். நீ எங்கயும் போவாத."

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். நான் மற்றவர்களைப் பார்க்கிற பார்வை அது. என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

"சொல்லுவியா நீ? சரி, சொல்லு. பாக்கறேன்" என்றான்.

சொல்லத்தான் நினைத்தேன். சாமி சத்தியமாகச் சொல்லத்தான் போனேன். மறுநாள் காலை முடித்த சேலையையும் அந்தப் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு முதலாளி வீட்டுக்குப் போனேன். சேலை பையில், பொட்டலம் சட்டையில். படிக்குக் கீழே கடை பாதி திறந்திருந்தது. அவன் உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

முதலாளி சேலையைத் தராசில் வைத்தார். மிச்ச நூலை வைத்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எண்ணைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன்.

"சரியா கீதுய்யா" என்றார் அவர். பிறகு கடைப் பக்கம் கண்ணைக் காட்டி, அவன் காதில் விழும்படியே சொன்னார். "இத்தினி வருசத்துல உன் கைல ஒரு கிராம் கொறைஞ்சதில்ல. உன்ன மாதிரி கை சுத்தமா எவன் இருக்கான், சொல்லு?"

சட்டைப்பையில் பொட்டலம் கனத்தது. அவர் அடுத்த சேலைக்கான ஜரிகையைத் தராசில் வைத்துக்கொண்டிருந்தார்.

"ஆமாங்க" என்றேன்.

ஜரிகையை வாங்கிக்கொண்டு திரும்பினேன். கடைக்குள் அவன் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான்.